நூல் சுற்றிய பேனை

எங்கள் கணக்கீட்டு சேர் இரண்டு விஷயங்களில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். மொத்தத்துக்குக் கீழே இரட்டைக்கோட்டை அடிமட்டம் வைத்துத்தான் கீற வேண்டும். கையால் கீறினால், விடை சரியாக இருந்தாலும் அரைப் புள்ளி வெட்டு. மற்றது, சொத்துகளையும் பொறுப்புகளையும், அதாவது கடன்களையும், காட்டும் ஐந்தொகை சமப்படாவிட்டால், காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் தொங்கல் கணக்கில் வித்தியாசத்தைப் போட்டு மூடி மறைக்கக் கூடாது. நாங்கள் மறைத்தோம். அவர் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தார்.

அவருடைய சிவப்புப் பேனையை அந்த வகுப்பில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கழுத்துப் பக்கம் வெடித்த பேனை அது. வெடிப்பின்மேல் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவியிருந்தார். மை ஊறி ஊறி அந்த நூல் கறுஞ்சிவப்பாகியிருந்தது. ஒருநாள் பின்வாங்கில் இருந்த நண்பன் துணிந்து கேட்டுவிட்டான்: “சேர், புதுப்பேனை ஒண்டு வாங்கலாமே?”

சேர் கோபிக்கவில்லை. பேனையைத் தூக்கிக் காட்டினார். “இதின்ரை பெறுமானத் தேய்வு எப்பவோ முடிஞ்சுது, தம்பி. ஏட்டில இதுக்குப் பெறுமதி பூச்சியம். இனி இது எழுதிறதெல்லாம் லாபம்.”

வகுப்பே சிரித்தது. நானும்தான். பொருள் பழசாகப் பழசாக ஏட்டில் அதன் பெறுமதியைக் குறைப்பதுதான் பெறுமானத் தேய்வு. வருடாவருடம் ஒரே தொகையைக் குறைக்கும் நேர்கோட்டு முறை, மிஞ்சிய பெறுமதியில் ஒரு வீதத்தைக் குறைக்கும் குறைந்துசெல் மீதி முறை இரண்டையும் பாடமாக்கிப் பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். அந்தப் பேனைக் கணக்கு விளங்கத்தான் இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது.

வெளிநாட்டில் நிரந்தர வேலை கிடைத்ததும் எனக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றியது. ஒரு பொருளின் விலையைக் கேட்க மாட்டேன். மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் கேட்பேன். அப்படிக் கேட்டால் எல்லாமே மலிவு. கார், சோபா, பெரிய திரை, கடைசியாக ஒரு ட்ரெட்மில். தவணைகளைச் சமாளிக்கச் சனி, ஞாயிறும் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்த சோபாவில் உட்கார நேரமில்லை.

ஓரிரவு வேலை முடிந்து வந்து பார்த்தேன். ட்ரெட்மில் கைபிடியில் என் இரண்டு சட்டைகளும் ஒரு துவாயும் காய்ந்துகொண்டிருந்தன. அதில் கடைசியாக எப்போது ஏறினேன் என்று நினைவில்லை. இன்னும் 14 தவணைகள் பாக்கி என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து எனக்கே ஓர் ஐந்தொகை போட்டேன். பொறுப்புகள் சொத்துகளை விழுங்கியிருந்தன. தொங்கல் கணக்கு திறக்கக்கூட இடமில்லை.

சேர் கரும்பலகையில் போட்ட உதாரணம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. 100 பெறுமதியான பொருள் ஒவ்வொரு வருடமும் மிஞ்சிய பெறுமதியில் 20 வீதம் தேய்ந்தால் முதல் வருட முடிவில் 80, அடுத்து 64, அதற்கடுத்து 51 சொச்சம். முதலில் விழுவதுதான் பெரிய விழுகை. பொருள் தந்த சந்தோஷமும் இப்படித்தான் தேய்கிறது, இதைவிட வேகமாக. தவணைக்கு அந்தக் கருணை இல்லை. முதல் மாதம் எவ்வளவோ, கடைசி மாதமும் அவ்வளவு.

பிறகு வாசித்தபோது தெரிந்தது, பிரிக்மன், கம்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு கிடைத்தாலும் மனம் அதற்குப் பழகிப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், ஓடிக்கொண்டே இருந்தும் நின்ற இடத்திலேயே நிற்போம் என்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உவமையும் ட்ரெட்மில்தான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. கையில் காசில்லாதவனிடம் போய் எளிமையின் பெருமை பேசுவது அநியாயம். நோயும் பிரிவும் தனிமையும் வருமானம் குறைந்தவர்களை இன்னும் அதிகமாக வாட்டுகின்றன என்று கானெமன், டீட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் காட்டினார்கள். நான் சொல்வது தேவைக்குக் கிடைத்த பிறகும் ஓட்டத்தை நிறுத்தத் தெரியாத என்னைப் போன்றவர்களின் கதை.

முதலில் கடனட்டையைப் பிடித்தேன். வருட வட்டி 24 வீதம், அதாவது மாதம் 2 வீதம். நிலுவையில் 3 வீதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதில் 2 வீதம் வட்டிக்கே போய்விடும், கடனில் குறைவது ஒரே ஒரு வீதம். 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் தொகை இரட்டிக்கும் காலம் ஏறக்குறைய வரும் என்பதும் சேர் சொன்னதுதான். 6 வீதத்தில் போட்ட சேமிப்பு இரட்டிக்க 12 வருடம் வேண்டும். 24 வீதக் கடனைக் கட்டாமல் விட்டால் 3 வருடம் போதும். இது தெரிந்தவன்தான் நான், ஆனாலும் என் கடனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

கொப்பியில் இரண்டு நிரல்கள் கீறினேன். இடப்பக்கம் வாங்கிய பொருளும் திகதியும். வலப்பக்கத்தை மூன்று மாதம் வெறுமையாக விட்டுவிட்டு, பிறகு “இன்னும் பிடிக்கிறதா?” என்று கேட்டு எழுதுவேன். ஒரு வருடத்தில் வலப்பக்கம் முழுக்க ‘இல்லை’. ஆம் என்று எழுதியவை மூன்றுதான்: ஒரு சப்பாத்து, மேசை விளக்கு, மகளோடு போன ரயில் பயணம். இடையில் வழுக்கியும் இருக்கிறேன். வீட்டில் பொருள்களைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்லி, மிச்சத்தை அடுக்க ஆறு அழகான பெட்டிகள் வாங்கினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

கடைசித் தவணை கட்டி முடிந்த இரவு கொப்பியை விரித்துச் சிவப்புப் பேனையால் மொத்தம் போட்டேன். இரட்டைக்கோடு கீற அடிமட்டத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. மேசையில் வங்கியில் மூடிவிட்டு வந்த கடனட்டை கிடந்தது. அதன் விளிம்பை வைத்துக் கீறினேன். இரண்டாவது கோடு கொஞ்சம் கோணல். சேர் அரைப் புள்ளி வெட்டியிருப்பார்.