லாக்ஸ்டன் வயல்களை வரைந்து பார்க்கிறேன்

பழைய நிலவரைபடங்களைக் கையால் நகலெடுப்பது என் பொழுதுபோக்கு. இப்போது மேசையில் விரிந்திருப்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சின்னக் கிராமம். 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் அளந்து போட்ட படம் இது. மூலப்படம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

முதலில் ஊர்த்தெருவை முடித்தேன். வீடுகள் எல்லாம் தெருவை ஒட்டியே நெருங்கி நிற்கின்றன, பின்னால் நீளமான கொல்லை. வயலுக்கு நடுவே வீடு கட்ட யாருக்கும் வழியில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் நிலம் ஒரே இடத்தில் கிடையாது. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று இன்றைக்கும் மூன்று பெரிய வயல்கள் உள்ளன. அவற்றில் வேலி போடாமல், பட்டை பட்டையாக நிலம் பிரிந்து கிடக்கிறது. ஒரு வயலில் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு என்று ஆண்டுதோறும் சுற்றி வரும்.

அப்புறம் பட்டைகள். இங்கேதான் கை நின்றுவிட்டது. பல பட்டைகள் லேசாக வளைந்து போகின்றன, ஸ்கேல் வைத்து இழுத்தால் படத்தின் உயிரே போய்விடும். நீளமான எருதுக் கூட்டத்தைப் பட்டை முடிவில் திருப்ப, உழவர் முன்கூட்டியே ஒருபக்கமாக ஒதுங்கத் தொடங்குவார். தலைமுறை தலைமுறையாக உழுதே நிலம் அப்படி வளைந்தது. முழங்கையை ஊன்றாமல், தோளிலிருந்து கையை ஓட்டி ஒரே மூச்சில் இழுத்தால் கோடு சரியாக விழுகிறது. 0.1 மி.மீ. பேனா, அதற்குக் கீழே டிரேஸிங் தாள், அவ்வளவுதான்.

படத்தோடு சர்வே பதிவேடும் உண்டு. யாருக்கு எந்தப் பட்டை என்று அதில் இருக்கிறது. ஒரு குடியானவருக்கு ஒரு நிறம் என்று கலர் பென்சிலால் தீட்டி வருகிறேன். ஒரே நிறம் மூன்று வயலிலும் சிதறித் தெரிகிறது. நல்ல மண்ணிலும் பங்கு, ஈரம் தேங்கும் மண்ணிலும் பங்கு. தீட்டத் தீட்டத்தான் அந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்குப் பிடிபட்டது.

வேலியில்லாத இடத்தில் வரப்புத் தகராறு வராமலா இருக்கும்? அதற்குத்தான் கோர்ட் லீட் என்ற ஊர் மன்றம். நவம்பர் கடைசியில் விவசாயிகளே ஜூரிகளாகக் கோதுமை வயலைச் சுற்றி வந்து, எல்லையில் முளை அடிப்பார்கள். அடுத்தவர் பட்டையிலோ பாதையிலோ ஏர் ஏறியிருந்தால் அபராதம். ஒரு வாரம் கழித்து டவ்கோட் இன் விடுதியில் மன்றம் கூடும். இன்றும் நடக்கிறது. இதைவிடப் பெரிய பாரம்பரியச் சின்னம் அந்த ஊரில் இல்லை என்பேன். ஊருக்கு வடக்கே நார்மன் கோட்டை மேடு இருந்தாலும்கூட.

திறந்த வயல்களைப் பிரித்து, வேலி போட்டுத் தனித்தனி நிலமாக்கிய வேலியடைப்புச் சட்டங்கள் நாடெங்கும் இத்தகைய வயல்களை விழுங்கின. இங்கே தப்பியதற்கு, இரண்டு பெரிய நிலப்பிரபுக்கள் ஒத்துப்போகாததை ஒரு காரணமாகச் சொல்வார்கள். இந்த நிலத்தை 1952-இல் விவசாய அமைச்சகம் வாங்கியது, 1981-இல் அது அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணை நிர்வாகம் வாங்கியது.

மில் வயல் முடிந்துவிட்டது, மேற்கு வயல் பாதியில் நிற்கிறது. உழ முடியாத பள்ளங்களில் விட்டுவைத்த புல் நிலங்களுக்குத் தனிப் பச்சை கலந்து பார்க்க வேண்டும். பியர்ஸ் படத்தில் வரைந்த உழுபவர், விதைப்பவர், அறுப்பவர் உருவங்களைக் கடைசியில்தான் தொடுவேன், அதற்கு இன்னும் மெல்லிய தூரிகை வேண்டும்.