"யாரைக் கொன்றீர்கள்?"

கம்பாலாவிலிருந்து குலுவுக்கு ஆறு மணி நேரம் என்று சொல்லித்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். எனக்கு எட்டு ஆனது. கருமாவில் நைல் நதி நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. சாலையோரம் பபூன் குரங்குகள் வாழைப்பழத்துக்காக வரிசைகட்டி உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாலத்தைத் தாண்டினால் வடக்கு உகாண்டா.

குலு இன்று சாதாரண ஊர். 'போடா போடா' என்ற பைக் டாக்சிகள், மொபைல் கடைகள், புழுதி. ஆனால் ஜோசப் கோனியின் லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படைக்கும் அரசுக்கும் 1987 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்த போரின் நடுவில் இருந்த ஊர் இது. ஒரு கட்டத்தில் 18 லட்சம் பேர் வரை முகாம்களில் கிடந்தார்கள். கோனியின் ஆட்கள், கடத்திய பிள்ளைகளின் கையில் துப்பாக்கி கொடுத்து, சொந்தக் கிராமத்தையே தாக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி.

அதற்கு இந்தப் பகுதியில் வாழும் அச்சோலி மக்களிடம் ஒரு முட்டை இருந்தது. திரும்பி வருகிறவர் வீட்டு வாசலில் ஒரு பச்சை முட்டையை மிதித்து உடைக்க வேண்டும். முட்டைக்கு வாய் கிடையாது, அது யாரைப் பற்றியும் தீங்கு பேசாது என்பது அவர்கள் கணக்கு. முட்டையோடு ஓபோபோ என்ற வழுவழுப்பான குச்சியும், தானியக் குதிரின் கூரையைத் தூக்கி நிறுத்தும் லாயிபி என்ற கம்பும் கிடக்கும். நீ சாப்பிட்டு வளர்ந்த குதிர் இதுதான் என்று நினைவூட்டத்தான் அந்தக் கம்பு.

கொலை என்றால் முட்டை போதாது. ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் சந்தித்த பெரியவர் ஒருவர் (இங்கே மரியாதையாக 'லாடிட்' என்று அழைக்கிறார்கள்) விளக்கினார். அநியாயமாகச் செத்தவரின் ஆவி 'சென்' ஆக மாறும். கொன்றவனை மட்டுமல்ல, அவன் குலத்தையே அது பிடித்து ஆட்டும். அதனால் கொலை நடந்த அன்றே இரண்டு குலங்களுக்கும் நடுவில் எல்லாம் நின்றுபோகும். கொள்வினை கொடுப்பினை இல்லை, ஒருவர் வீட்டில் இன்னொருவர் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெரியவர்கள் அங்கும் இங்கும் நடந்து பேசுவார்கள். மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகும். கொன்றவர் தரப்பு, நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈட்டைப் பரிசப் பணமாக வைத்து, செத்தவர் வீட்டில் ஒரு கல்யாணம் செய்வது பழைய வழக்கம். போன உயிருக்குப் பதிலாக இன்னோர் உயிர் வரட்டும் என்று.

கடைசியில்தான் மாட்டோ ஓபுட், அதாவது கசப்பு வேரைக் குடிப்பது. ஒரு தரப்பு செம்மறியாடு கொண்டுவரும், மறுதரப்பு வெள்ளாடு. இரண்டையும் பாதியாக வெட்டி மாற்றிக்கொள்வார்கள். பிறகு இரு தரப்பு ஆட்களும் மண்டியிட்டு, கைகளைப் பின்னால் வைத்து, தலையோடு தலை முட்ட, ஒரே குடுவையில் வாய் வைத்துக் குடிப்பார்கள். அதற்குப் பிறகு சேர்ந்து சாப்பாடு.

இதை 'மன்னிப்புச் சடங்கு' என்று எழுதுகிறவர்கள் அதன் கறாரைக் கவனிப்பதில்லை. உண்மையைச் சொல்லாமல் யாரும் குடுவைக்குப் பக்கத்தில் வர முடியாது.

சிக்கலும் அங்கேயேதான். மறுநாள் லுகோடி போனேன். 2004 மே 19 அன்று கோனியின் படை தாக்கிய கிராமம். நினைவுக்கல் முன் நின்றபோது பெரியவர் சொன்னது இடறியது. யார் வெட்டினார்கள் என்றே தெரியாத வீட்டில் யாரோடு சேர்ந்து குடிப்பது? அந்தத் தாக்குதல் உட்படப் பல குற்றங்களுக்காக அந்தப் படையின் தளபதிகளில் ஒருவரான டொமினிக் ஓங்வெனுக்கு, ஹேக் நகரில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2021இல் 25 ஆண்டுச் சிறை விதித்தது. அவரும் சிறுவயதில் கடத்தப்பட்டவர்தான். அச்சோலி முறையையும் தண்டனையில் கணக்கில் எடுக்கும்படி அவர் தரப்பு கேட்டது, நீதிபதிகள் ஏற்கவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. ஒரு குலத்துக்கும் இன்னொரு குலத்துக்கும் நடுவில் இருக்கும் மருந்தை ஒரு படைக்கே ஊற்றிவிட முடியாது. ஆனால் திரும்பி வந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கச் செய்ய ஹேக் நகரத்தாலும் முடியாது.

ஊர் திரும்புமுன் பெரியவர் வீட்டில் சாப்பாடு. மலக்வாங் என்று நிலக்கடலை விழுது போட்ட புளிப்புக் கீரை, கூடவே கேழ்வரகுக் களி. பாதி சாப்பாட்டில், அந்த வேரைக் கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்டேன். கூட வந்த பையன் மொழிபெயர்த்ததும் பெரியவர் சிரித்துவிட்டார்.

"ஏன், நீங்கள் யாரைக் கொன்றீர்கள்?"

நான் பேசாமல் இன்னொரு கை கீரை வாங்கிக்கொண்டேன்.