வீட்டுப் பட்டறையில் தகடு தட்டக் கூடுகிறவர்கள் முதலில் சுருக்கப் பழகுங்கள்

பழைய வண்டியைத் தானே சரிசெய்யும் நாலைந்து பேர் சனி, ஞாயிறில் ஒரு வீட்டு ஷெட்டில் கூடினால், வந்ததும் வராததுமாக மரச்சுத்தியை எடுத்து மணல் மூட்டைமேல் தகட்டைக் குழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குழி விழுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அடிக்க அடிக்கத் தகடு விரிகிறது, கூடவே மெலிகிறது. இரண்டு நாளும் விரிக்க மட்டுமே பழகியவரால் ஒரு மட்கார்டின் ஓரத்தைக்கூட ஒழுங்காகத் திருப்ப முடியாது. அதனால் சனிக்கிழமை மதியம் வரை சுருக்குவதை மட்டும் செய்யச் சொல்வேன்.

300 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பின் சுற்றளவு 942 மி.மீ. அதை 260 மி.மீ. வாயுள்ள கிண்ணமாக்க வேண்டுமானால் சுற்றளவு 817க்கு இறங்க வேண்டும். மிச்சம் 125 மி.மீ. எங்கே போகும்? விளிம்பின் கனத்துக்குள்தான் அடங்க வேண்டும். நடுவை மட்டும் குழித்துக்கொண்டே போனால் விளிம்பு நெளியும், நடு மெலிந்து கடைசியில் கிழியும்.

தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) போதும், ஏறக்குறைய 0.9 மி.மீ. கனம். மலிவாகக் கிடைக்கிறதென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டை வாங்க வேண்டாம். சூடுபட்டால் துத்தநாகப் புகை கிளம்பும், ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். அலுமினியம் என்றால் 1100 அல்லது 3003 ரகம், 1.2 முதல் 1.5 மி.மீ. கனம் வரை. கடையில் 6061 டி6 என்ற கடின ரகத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் ஓரம் வெடித்துவிடும். வெட்டிய விளிம்பை அரம் போட்டுப் பிசிறெடுத்த பிறகே ஆளுக்கொன்று கொடுங்கள்.

சுருக்க மடிப்புக் கவை வேண்டும். இரண்டு 10 மி.மீ. கம்பிகளை 3 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு கைப்பிடியில் வெல்டிங் செய்து, முனைகளைக் கூம்பாக அரைத்து மெருகேற்றினால் கவை தயார். விளிம்பை அந்த இடைவெளியில் விட்டு ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் முறுக்குங்கள். விளிம்பில் அகலமாகவும் உள்ளே போகப் போகக் கூர்மையாகவும் 40 மி.மீ. நீளத்துக்கு ஒரு மடிப்பு எழும். கெடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மடிப்பின் உச்சியில் ஓங்கி அடித்தால் அது மறுபடி விரிந்து பழைய நீளத்துக்கே போய்விடும். கீழே டாலி (கையில் பிடிக்கும் இரும்புத் தாங்குகட்டை) வைத்து, இரண்டு சரிவிலும் மாறி மாறிச் சின்ன அடியாகப் போட்டால் தகடு தனக்குள்ளேயே புதையும். மடிப்பு உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து படிந்துவிடும், அந்த இடம் கட்டாயம் விரிசல் விடும். அப்படிச் சாய்வது தெரிந்தால் அடிப்பதை நிறுத்தி, மடிப்பைப் பிரித்து மறுபடி போடுங்கள். இரும்புத் தகட்டில் மடிப்பைச் சிவக்கச் சூடாக்கி அடித்தால் வேலை பாதியாகக் குறையும்.

சுருங்கியதா இல்லையா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். தொடங்கும் முன் விளிம்பில் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். அடித்து முடித்ததும் டேப்பை விளிம்போடு வளைத்து அளந்தால் 98 வர வேண்டும். 100 ஆகவே இருந்தால் சத்தம்தான் மிச்சம். மைக்ரோமீட்டர் இருந்தால் கனத்தையும் பாருங்கள், விளிம்பு தடித்திருக்கும்.

அலுமினியம் அடிபட அடிபட இறுகும். அதைக் காய்ச்சி இளக்கும்போது சிவக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பளிச்சென்ற அந்தத் தகடு சிவந்து காட்டாமலே 650 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி ஓட்டை விழும். அசிட்டிலீனை மட்டும் எரித்து மேலே கரி படியவிட்டு, பிறகு ஆக்சிஜனைத் திறந்து, கரி மறையும் வரை ஜுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கரி போனால் பதம் வந்தாயிற்று. ஆறவைத்தாலும் தண்ணீரில் போட்டாலும் 1100, 3003 இரண்டுக்கும் ஒன்றுதான். சிலிண்டர்களைச் சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்த்தியே வையுங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டர் பக்கம் எண்ணெய்க் கை போகவே கூடாது.

கருவிக்குப் பெரிய செலவு தேவையில்லை. கறிக்கடையில் போடுகிற மாதிரி ஒரு புளியமரக் கட்டையில் குழி வெட்டிக்கொண்டால் மணல் மூட்டையின் பாதி வேலையை அதுவே செய்யும். பழைய லாரிக் கமான் பட்டையை வளைத்துக் கைப்பிடி வைத்தால் தட்டிச் சமப்படுத்த அருமையான பட்டைச் சுத்தி. எந்தச் சுத்தியானாலும் முகத்தின் ஓரத்தை உருட்டி, 400, பிறகு 800 எமரியில் தேய்த்துவிடுங்கள். கூரான ஓரம் தகட்டில் பிறைப் பிறையாகத் தழும்பு போடும், அதை எடுக்க ஒரு நாள் போய்விடும்.

ஞாயிறன்று உண்மையான வேலை: அம்பாசடர் ஃபெண்டரின் துருப்பிடித்த ஒரு மூலைக்கு ஒட்டுத் துண்டு. நல்ல ஃபெண்டர் ஒன்றின் அதே இடத்தில் தாளைப் போர்த்திப் பாருங்கள். தாள் எங்கே மடிகிறதோ அங்கே சுருக்க வேண்டும், எங்கே கிழித்தால்தான் படிகிறதோ அங்கே விரிக்க வேண்டும். இரண்டையும் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை விட்டு ஓட்டும் இங்கிலீஷ் வீலுக்கு இதெல்லாம் முடிந்த பிறகே போக வேண்டும். அடித்த மேடுபள்ளத்தைச் சமன் செய்வது அதன் முதல் வேலை. அழுத்தத்தைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதோடு ஒட்டி 5 மி.மீ. தள்ளிப் போகட்டும். அழுத்தம் கூடினால் தகட்டில் கோடு கோடாக விழும். உருளையில் ஒரு இரும்புத் தூள் ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு புள்ளி பதிக்கும், அதனால் துணியால் அடிக்கடி துடையுங்கள்.

துண்டை ஃபெண்டரோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டாதீர்கள், இடையில் தண்ணீர் நின்று துருவேறும். முனையோடு முனை இடைவெளியின்றிச் சேர்த்து கேஸ் வெல்டிங் செய்யுங்கள். கம்பியைத் தானாகத் தள்ளி மின்சாரத்தில் ஒட்டும் மிக் வெல்டிங் வேகமானதுதான், ஆனால் அதன் பற்று கடினமானது, பிறகு சுத்தியால் தட்டிச் சமப்படுத்தும்போது முரண்டு பிடிக்கும். வெல்டிங் ஆறும்போது தையல், அதாவது ஒட்டிய கோடு, சுருங்கி இழுக்கும். டாலியைச் சரியாக நேர் கீழே வைத்துத் தையல்மேல் மட்டும் தட்டினால் இழந்த நீளம் திரும்பும். நடுவில் தகடு டொக்கு டொக்கென்று உள்ளும் வெளியும் போனால், ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மெதுவாகத் தட்டி, ஈரத்துணி வைத்துக் குளிரவிடுங்கள்.

எல்லாரும் காதடைப்பான் போட்டே ஆக வேண்டும். பக்கத்து வீட்டாருக்காகப் பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை சுத்திச் சத்தம் வேண்டாம், அந்த நேரத்தை வீலுக்கும் வெல்டிங்குக்கும் ஒதுக்குங்கள். கிளம்பும் முன் ஆளாளுக்குச் செய்த துண்டை எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தனுப்புங்கள். வியர்வைக் கை பட்ட சி.ஆர். ஷீட்டில், கடலோர ஊர்களில் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும்.