அதுவரைக்கும் என்ன செய்யிற, சேர்?

உதைபந்தாட்டத்தில் இலங்கை யெமனிடம் தோற்ற அடுத்த வாரம், மட்டக்களப்பில் எங்கள் பாடசாலை மைதானத்து ஓரத்தில் ஒரு தகப்பனோடு நான் கதைத்த கதை இது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை, ஐந்து நிமிடம்கூடப் பிடித்திருக்காது. ஆனால் தகுதிகாண் சுற்று, உலகக் கிண்ணம் என்று யாராவது பேச்செடுத்தால் கோலும் நினைவுக்கு வராது, கோச்சும் நினைவுக்கு வராது, அந்த மனிசன் கேட்ட கேள்விதான் வரும்.

2023 ஒக்டோபர். 12ஆம் திகதி சவூதியின் அபா நகரில் 3–0, 17ஆம் திகதி கொழும்பு ரேஸ்கோர்ஸில் 1–1, மொத்தம் 4–1. 2026 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் போட்டிகளில் முதல் படியிலேயே இலங்கை வெளியே. யெமன் என்பது யுத்தத்தால் சொந்த நாட்டில் ஆட வழியில்லாமல் அடுத்த நாட்டு மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடுகிற அணி. ஆகவே யுத்தத்தைச் சாட்டுச் சொல்ல எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று. எங்களுக்கு இருந்த சாட்டு வேறு. அந்த வருஷம் ஜனவரியில் ஃபீஃபா எங்களைத் தடை செய்து ஓகஸ்ட் கடைசியில்தான் தடையை எடுத்தது. சம்மேளனத் தேர்தல், அமைச்சின் தலையீடு என்று அந்தக் கூத்து எல்லாருக்கும் தெரியும். அதனால் தெற்காசியக் கிண்ணமும் ஆடவில்லை, நேரே யெமனோடு போய் நின்றோம்.

தோற்ற மறுநாள் பிள்ளைகளுக்கு நான் இத்தாலிக் கதை சொன்னேன். எந்த உடற்கல்வி ஆசிரியரும் சொல்வதுதான். 2017 நவம்பரில் சுவீடனிடம் மாட்டி இத்தாலி 2018 உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை, 1958க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை, ஆனால் 2021 ஜூலையில் வெம்ப்ளியில் இங்கிலாந்தைப் பெனல்டியில் வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது, ஆகவே மனம் தளரக் கூடாது, இத்தியாதி. 2022 மார்ச்சில் அதே இத்தாலியை வட மசிடோனியா பலெர்மோவில் வைத்துக் கடைசி நேரக் கோல் ஒன்றால் மறுபடி வீட்டுக்கு அனுப்பியதை நான் விட்டுவிட்டேன். ஒரு பொடியன் அதையும் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பயிற்சி தொடங்கிற்று.

இத்தாலி விழுந்தால் தாங்கிக்கொள்ள சீரி ஏ என்ற உள்நாட்டு லீக் இருக்கிறது. உலகக் கிண்ணம் இல்லாத வருஷத்திலும் அங்கே பிளேயருக்குச் சம்பளம் வரும், கழகம் பூட்டப்படாது, பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கும் பயிற்சி இருக்கும். இங்கே 2021இல் பெரிய எடுப்பில் சூப்பர் லீக் தொடங்கினார்கள். பத்துக் கழகங்கள். அதில் மூன்று, தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள்தான், பெயர் மட்டும் வேறு. வடக்கு கிழக்கிலிருந்து ஒரு கழகமும் இல்லை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு பிள்ளை நன்றாக ஆடினால் அவனுக்கு அடுத்த படி எது என்று என்னிடம் கேட்டால், கையால் கொழும்புப் பக்கம் காட்டலாம், அவ்வளவுதான்.

அந்தத் தகப்பனின் மகன், எங்கள் பாடசாலைப் பிள்ளை, அப்போது உயர்தரம் முதலாம் வருஷம். இடது காலால் ஆடுபவன். அவனிடம் நான் பார்த்த விஷயம் வேகமோ அடியோ இல்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேலால் ஒருதரம் பின்னால் பார்ப்பான். பந்து காலில் படும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், அதனால் இரண்டாவது தொடுகையே பாஸாகப் போய்விடும். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டால், "பாத்தாத்தானே சேர் தெரியும்" என்பான். பூட்ஸின் அடி பிய்ந்து, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றிவர நூல் போட்டுத் தைத்திருந்தது, மழைக்குப் பிறகு அந்தத் தையலுக்குள் மண் ஏறிக் கிடக்கும், விளையாட்டு முடிந்ததும் குச்சியால் கிண்டிக்கொண்டு இருப்பான். வீடு வாவிக்கு அப்பால் படுவான்கரையில், அம்பிளாந்துறைப் பாதையில், அதாவது ஆள் ஏற்றும் மிதவையில், ஏறிப் போக வேண்டும், ஆகவே எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் ஆற்றுப் பக்கம் இருக்கும்.

தகப்பன் வந்தது விதைப்பு நேரத்தில். மோட்டார் சைக்கிளின் பின்னால் உர மூட்டையைக் கட்டிக்கொண்டு, டவுனுக்கு வந்த வழியில் என்னைப் பார்க்க வந்தார். அந்த நேரம் வேளாண்மைக்காரன் ஒருவன் வயலை விட்டுவிட்டு வாத்தியாரைத் தேடி வருகிறான் என்றால் சும்மா வரமாட்டான்.

"சேர், இலங்கை டீம் தோத்திட்டுதாமே. இவன் ராவெல்லாம் போனுக்குள்ள கிடந்தான். இனி எப்ப வரும்?"

"இனி 2030க்குத்தான் அண்ணன்" என்றேன். "அதுக்கு முன்னால தெரிவுப் போட்டிகள் நடக்கும்."

"அதுவரைக்கும் இவன் என்ன செய்யிற?"

அணியின் எதிர்காலம் பற்றிப் பத்திரிகைகளிலும் முகநூலிலும் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன்: கோச்சை மாற்று, வெளிநாட்டில் பிறந்த பிளேயர்களைக் கொண்டுவா, மாகாணத்துக்கு ஒரு அகடமி கட்டு. இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் வாசித்ததில்லை. ஒரு அணி நான்கு வருஷம் காத்திருக்கலாம். பதினேழு வயதுப் பிள்ளை எங்கே காத்திருப்பது, யார் சோறு போடுவது?

எனக்குத் தெரிந்த உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னேன். ஆமி, நேவி, எயார்ஃபோர்ஸ், பொலிஸ், இந்த நான்குக்கும் அணி இருக்கிறது, அங்கே போனால் உத்தியோகமும் ஆகும், ஆட்டமும் ஆகும், தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர்களின் கண்ணிலும் படலாம் என்றேன். சொல்லி முடிக்கும்போதே வயிற்றுக்குள் ஒன்று புரண்டது. எங்கள் பக்கத்தில் ஒரு தகப்பனைப் பார்த்துப் பிள்ளையைப் படைக்கு விடுங்கோ என்று ஒருவர் சொல்வது எப்படிக் கேட்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எந்தப் படை என்பதே இல்லை அதில் விஷயம். அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன், முன் அறையில் அவருடைய தம்பியின் படம் மாலையோடு இருக்கிறது. எப்படி, எந்தப் பக்கம் என்று நான் கேட்டதில்லை.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பென்ஷன் இருக்கா சேர்?" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இருக்கிறது, ஆமியில் சிப்பாய் என்றால் 22 வருஷம் முடிக்க வேண்டும் என்றேன். மனக்கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது, உதடு அசைந்தது. பிள்ளைக்கு நாற்பது வயதில் பென்ஷன் என்று கணக்கு வந்திருக்கும். இன்னும் ஒன்று கேட்க வாய் எடுத்தார், அதற்குள் நான் புகுந்துவிட்டேன். "அவசரப்படாதீங்க அண்ணன், வீட்டுலயும் கதைச்சுப் பாருங்க. இப்போதைக்கு ஏஎல்லை முடிக்கட்டும், பிறகு பார்ப்பம்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, சேர் சொன்னாச் சரி" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

நான் செய்தது சரிதான் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். உயர்தரத்தை முடிக்கச் சொல்வதில் என்ன பிழை? இடையில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேரை ஆட்டோ ஸ்டாண்டில் காண்கிறேன். அதோடு, படையில் சேர்ந்தவன் எல்லாம் அணியில் சேருவான் என்று யார் உத்தரவாதம் தருவது? முதலில் பயிற்சி முகாம், அப்புறம் எங்கே போடுகிறார்களோ அங்கே. ஒரு வாத்தியார் இதையெல்லாம் யோசிக்காமல் ஒரு குடும்பத்தைத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் அந்த நேரத்தில் நான் இவற்றையா யோசித்தேன்? இல்லை. அந்தப் படத்தை யோசித்தேன், அந்தத் தாயை யோசித்தேன், அப்புறம், இதையும் சொல்லத்தான் வேண்டும், "அந்தச் சேர்தான் ஆமிக்கு ஆள் பிடிக்கிறார்" என்று ஊரில் வரப்போகிற கதையை யோசித்தேன். காயம் அவருடையது. அதை வைத்துக்கொண்டு அவரே பென்ஷன் கணக்குப் பார்க்கிறார் என்றால் எட்டி நின்று மூடிவைக்க நான் யார் என்று ஒரு பக்கம் தோன்றும். இன்னொரு பக்கம், அவர் கணக்குப் பார்த்தது அந்த வருஷத்து உர விலையால்தானே, வறுமை கேட்ட கேள்விக்கு நான் ஆமாம் போட்டிருக்க வேண்டுமா என்றும் தோன்றும். இரண்டும் மாறி மாறி வருகின்றன, ஒன்று மற்றதை வெல்வதாகக் காணோம்.

காத்தான்குடியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், அவரும் உடற்கல்வி ஆசிரியர். இதை அவரிடம் சொன்னபோது, "நீங்க கூட யோசிக்கிறீங்க. நான் படைக்கு ஆள் கேட்டு வார கெசட்டைக் காட்டுவன், மிச்சம் அவங்கட பாடு" என்றார். அவருடைய மாணவன் ஒருவன் அப்படித்தான் எயார்ஃபோர்ஸுக்குப் போனான். கொஞ்சக் காலம் ஆடினான், முழங்காலில் அடிபட்டது, இப்போது முகாம் வாசலில் காவல் கடமை. "ஆனா சம்பளம் போகுதுதானே" என்றார் நண்பர். உண்மைதான், போகிறது. அந்தப் பையனைப் பார்த்து நான் பாவம் என்று சொன்னால் என் சம்பளத்தைவிட அவனுடையது கூட என்று யாராவது கணக்குக் காட்டக்கூடும்.

எங்கள் பிள்ளை ஏஎல் முடித்தான், பெறுபேறு சுமார். களுவாஞ்சிகுடியில் போன் கடையொன்றில் ஸ்கிரீன் மாற்றுகிறான். சனி ஞாயிறில் எந்தக் கழகம் பஸ் காசும் சாப்பாட்டுப் பார்சலும் தருகிறதோ அதற்கு ஆடுகிறான், ஒரு வாரம் சாய்ந்தமருது, மறு வாரம் ஏறாவூர். அண்மையில் ஒரு மெட்ச் பார்த்தேன். இன்னும் பந்து வருமுன் தோளுக்கு மேலால் பார்க்கிறான், ஆனால் பாஸ் போகிற இடத்துக்கு ஓடி வர ஆளில்லை. என்னைக் கண்டதும் ஓடி வந்து, சேர் உங்கட போன் கிளாஸ் வெடிச்சிருக்கு, கொண்டாங்க மாத்தித் தாறன் என்றான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான். அவன் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடியவன் நான்தான்.

இதற்கிடையில் அணியும் முன்னேறித்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. குவைத்காரர் அப்துல்லா அல் முதைரி பயிற்சியாளராக வந்தார், 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்கள் மண்ணில் பெனல்டியில் வென்றோம், சுஜான் பெரேராவின் கைகளைப் பார்த்துப் பிள்ளைகள் துள்ளினார்கள். அப்புறம் 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் குழுவில் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தைபே. குழுவுக்கு ஒரே ஒரு இடம், அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முன்னைப்போல எட்டுக் கோல் வாங்கிக்கொண்டு வரவில்லை. 2019இல் தென்கொரியா அப்படித்தான் போட்டது, 8–0. முன்னேற்றத்துக்குப் பெரிய காரணம் ஜெர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று வெளியே வளர்ந்த பிளேயர்கள். வசீம் ராசீக், டிலன் டி சில்வா, ஜெக் ஹிங்கர்ட். சுவீடனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஆதவன் ராஜமோகனும் ஆடினார். நல்ல விஷயம், எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவன், "அப்ப நாங்க வெளியில பிறந்திருக்கணுமா சேர்?" என்று கேட்டான்.

கேப் வேர்டே 2025 ஒக்டோபரில் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றபோது நான் துள்ளிக் குதித்தேன். அந்த நாட்டில் ஐந்து லட்சத்துச் சொச்சம் சனம். 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்துச் சனத்தொகையும் ஏறக்குறைய அதுதான். அடுத்த மாதமே அதைவிடச் சிறிய குராசோவும் போனது. கரும்பலகையில் இரண்டு எண்ணையும் எழுதிப் போட்டேன், எங்கட மாவட்டத்து அளவு சனம் உள்ள நாடு, பாருங்கடா என்று. பிறகு வீட்டுக்குப் போய் அந்த அணிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் குராசோக்காரர்களில் அநேகமாக எல்லாரும் பிறந்தது நெதர்லாந்தில், கேப் வேர்டேக்கும் பாதிப் பேர் வெளியில் வளர்ந்தவர்கள். ஒன்பதாம் வகுப்புக்காரன் எனக்கு முன்னமே அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

இப்போது நான் மாறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எந்தத் தகப்பன் வந்து கேட்டாலும் படை அணிகள், பொலிஸ், பென்ஷன், முழங்கால், காவல் கடமை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் கேட்டு முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று முடிவு. இன்னும் அதற்கு வேலை வரவில்லை. போன கிழமை ஒருவர் வந்தார், மகன் நல்ல கோல் கீப்பர், நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் கேட்டது ருமேனியா விசாவுக்குப் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் பிறந்த திகதியைத் திருத்தலாமா என்று. அது அலுவலகத்து வேலை, பின் கட்டிடத்துக்குப் போங்க அண்ணன் என்றேன்.