டெஃபனா, டிபனா?

"மை கிராண்ட்மா இஸ் டெஃபனிங்." நேற்று சாயந்திரம் நம்ம குட்டி ஹோம்வொர்க் நோட்டில் எழுதி, கூடமே அதிர வாசித்த வாக்கியம். டிவி முன்னால் இருந்த பாட்டி திரும்பி, "டிபனா? மணி நாலரைதானே ஆகுது. சரி, ரவையை வறுக்கச் சொல்லு" என்றார்.

அவன் சொல்ல வந்தது, பாட்டிக்குக் காது மந்தமாகிக்கொண்டே போகிறது என்பதை. பிளாக் என்றால் பிளாக்கன், சாஃப்ட் என்றால் சாஃப்டன். அந்தக் கணக்கில் டெஃப் என்றால் டெஃபன். கணக்கு சரிதான், வழுக்கியது வேறிடத்தில். சாஃப்டன் தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும்: வெண்ணெய் தானே இளகும், நாமும் இளக்கலாம். இன்றைய ஆங்கிலத்தில் டெஃபனுக்கு அந்தச் சலுகை இல்லை. வெடிச்சத்தம் ஒருவரை டெஃபன் செய்யும். தானாகக் காது போனால் 'கோயிங் டெஃப்' என்றுதான் எழுத வேண்டும். ஆக, குட்டி எழுதியதற்குப் பொருள், பாட்டி போடும் சத்தத்தில் காது கிழிகிறது என்பது. டிவி வால்யூம் 60. வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை.

இந்த 'ன்' வால் ஒட்டியதே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன் டெஃப் என்ற சொல்லே வினையாகவும் ஓடிக்கொண்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் அதை 'டீஃப்' என்று உச்சரித்தவர்கள் உண்டு. அப்போதாக இருந்தால் பாட்டி, "டீயா? சர்க்கரை கம்மியா" என்றிருப்பார்.

ஜெர்மன் 'டௌப்', டச்சு 'டோஃப்' எல்லாம் இதன் பங்காளிகள். எல்லாவற்றுக்கும் அடியிலிருக்கும் வேருக்குப் புகை, மூட்டம், மயக்கம் என்று பொருள் சொல்கிறார்கள். குருடைக் குறிக்கும் கிரேக்கச் சொல்கூட அதே வேர்தான் என்று ஒரு கருத்து உண்டு. காதா கண்ணா என்ற பேதமே இல்லை, புலன் மங்கினால் போதும். நம் ஊர்ச் செவிடு அப்படி இல்லை, செவியைக் கையோடு வைத்திருக்கிறது. அது இடத்துக்கும் பெயர்; இல்லாவிட்டால் செவிட்டில் ஒன்று விடுவது எப்படி?

எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்துப் பொருள். அங்கே பழைய மாடிக் குடியிருப்புகளில் ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த மாடிக்குப் போகாமல் இருக்க, தரையைத் தாங்கும் மர விட்டங்களுக்கு நடுவே பலகை அடித்து அதன்மேல் சாம்பலைக் கொட்டி நிரப்புவார்கள். அதற்குப் பெயர் 'டெஃபனிங்'. மனுஷருக்குப் பதிலாகத் தரையைச் செவிடாக்கிவிடுவது. நம் பில்டர் காங்கிரீட் பலகை ஒன்றைப் போட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். மாடி வீட்டுக்காரர்கள் சீரியல் நேரம் முழுக்க எதையோ கொண்டு தரையில் இடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆறரை மணிக்குத்தான் பாட்டிக்கு அது எட்டியது.

"யாரோ கதவைத் தட்டுறாங்க பாரு. உப்புமா கொஞ்சம் கூடவே கிண்டச் சொல்லு."