லேய் என்றால் மரியாதை

இத்தாலிய மொழி படிக்கப் போகும் திருநெல்வேலிக்காரன் முதல் வாரமே மாட்டிக்கொள்வான். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச அங்கே இருக்கும் சொல் 'லேய்'. நெருங்கியவர்களிடம் 'தூ'. எங்கள் தெருவில் ஒரு பெரியவரைப் பார்த்து இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் முழுசாக வீடு திரும்ப முடியாது.

நான் போய் இறங்கியது பெரூஜா. ரோமிலிருந்து ரயிலில் இரண்டரை, மூன்று மணி நேரம். ரயில் நிலையம் கீழே, ஊர் மலை உச்சியில். வெளிநாட்டவருக்கு இத்தாலியம் கற்றுத்தர 1921-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதன் எதிரிலேயே, ரோமருக்கு முன்பு அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் கட்டிய நகர வாயில், கிறிஸ்துவுக்கு முந்தையது. முதல் நாள் அண்ணாந்து பார்த்தேன். அப்புறம் தினமும் வகுப்புக்கு நேரமாகி அதன் அடியில் ஓடியதுதான்.

வந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவக் கட்டைத் தபால் நிலையத்தில் தருவார்கள். ஒட்ட வேண்டிய 16 யூரோ முத்திரைத் தலையை வாங்கச் சிகரெட் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் பெரிய மீசை வைத்தவர். வகுப்பில் படித்தபடி 'லேய்' போட்டுப் பேசினேன். அந்தச் சொல்லுக்கு 'அவள்' என்றும் பொருள். மீசைக்காரரைப் பார்த்து 'அவளிடம் முத்திரை இருக்கிறதா?' என்று கேட்பது போலத்தான் எனக்குப் பட்டது. அவரோ வெகு சாதாரணமாக எடுத்துக் கொடுத்தார். முசோலினி ஆட்சி 1938-ல் இந்த 'லேய்' வேண்டாம், பன்மைச் சொல்லான 'வோய்' என்றுதான் பேச வேண்டும் என்று உத்தரவே போட்டதாம். ஆட்சி போனது, லேய் நிற்கிறது.

உச்சரிப்பில் நாம் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுடைய 't' நம் 'த' தான். ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' என்று சொல்லாமல் இருந்தால் போதும். இரட்டை மெய்யும் நமக்குப் புதிதல்ல. 'ஆன்னோ' என்றால் ஆண்டு, 'ஆனோ' என்றால் ஆசனவாய். வயதைச் சொல்லும்போது ஒரு 'ன்' குறைந்தால் வகுப்பே சிரிக்கும். பக்கத்து இருக்கை அமெரிக்கப் பையன் வாரக்கணக்கில் திணறினான். மனமும் மன்னனும் தெரிந்த எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அந்தத் திமிர் 'அமீகோ'வில் அடங்கியது. நண்பன் என்று பொருள். நடுவில் வரும் 'க'வை நாம் 'அகம்' என்பதில் போல மெத்தென்று சொல்வோம். நான் சொன்னதும் ஆசிரியை, "அது ஸ்பானியம், வேறு நாடு" என்றார். உயிரெழுத்துகளுக்கு நடுவே தனியாக வரும் 'க', 'த', 'ப' மூன்றும் என்னைக் கடைசிவரை காட்டிக்கொடுத்தன. 'இதாலியா'வை நாம் ஏன் ஒரு 'த்' சேர்த்து இத்தாலி என்று எழுதுகிறோம் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஒற்றைத் 'த'வை விட்டால் நம் வாயில் அது குழைந்துவிடும்.

தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் தெற்கே பலேர்மோ போக வேண்டும்; அங்கே ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். நான் இருந்த தெருவில் தமிழுக்கு வழியில்லை. வீட்டுக்காரம்மாதான் எனக்கு இரண்டாவது வகுப்பு. கணவர் இறந்தபின் ஓர் அறையை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுபவர். முதல் இரவு அவர் கொடுத்த ரொட்டியில் உப்பே இல்லை. மறந்துவிட்டார் போல என்று பேசாமல் அம்மா கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். மறுநாளும் உப்பில்லை. கேட்டால் கதை வந்தது. 1540-ல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியை ஏற்ற, ஊர் எதிர்த்து எழுந்து தோற்றது. அந்தக் கோபத்தில் உப்பை விட்டவர்கள் இன்னும் தொடவில்லையாம். ரொட்டிக் கதை எவ்வளவு உண்மையோ, தோற்ற ஊரை அடக்க அந்தப் போப் வீடுகளையும் தெருக்களையும் மூடி எழுப்பிய கோட்டை நிஜம். பேருந்து நிலையத்திலிருந்து மேலே வரும் நகரும் படிக்கட்டு இன்று அதன் வயிற்றுக்குள்ளேதான் ஏறுகிறது.

வந்த வாரமே வீட்டுக்காரம்மா, "என்னைத் தூ என்றே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். அம்மா வயதுக்காரரை எப்படி? நம்மூரில் நீயா நீங்களா என்று தெரியாதபோது "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுத் தப்பிப்போமே, அதைத்தான் செய்தேன். வினைச்சொல் வந்தால் மாட்டிக்கொள்வேன், அதனால் வினைச்சொல்லே இல்லாமல் பேசினேன். "காபி?" "கதவு, சாவி?" "மழை, குடை?" நான்கு மாதம் இப்படியே ஓடியது. என் இத்தாலியம் முன்னேறவே இல்லை என்று அவர் கவலைப்பட்டிருக்கக்கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்று ஊருக்குப் போன் பேசிவிட்டு வைத்தேன். அடுப்பில் காபிக் குடுவை கொதித்து முணுமுணுத்தது. "உங்கள் மொழியிலும் லேய், தூ உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன்.

"அம்மாவிடம் எது?"

"தூ."

"அப்பாவிடம்?"

"லேய்."

காபியை இரண்டு சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். ஊற்றி முடித்து, குடுவையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியானால் நான் உனக்கு அப்பாவா?"

சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். 'வேண்டுமா?' என்று கேட்க, மரியாதை வடிவமான 'வுவோலே' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மடக்கி, "வுவோயி?" என்றேன்.

"இரண்டு ஸ்பூன்" என்றார்.