காகிதத்தில் பூ, உடம்பில் பூ

பிரிண்ட் டிசைன் செய்கிறவர்களில் பாதிப் பேர் உருவம் வரைய மாட்டார்கள். ஃபேஷன் இல்லஸ்ட்ரேஷன் வரைகிறவர்களில் பாதிப் பேர், பிரிண்ட் என்று வந்தால் பாவாடையில் அங்கங்கே நாலு பூவைத் தூவிவிட்டு ஓரத்தில் ‘ஃப்ளோரல்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். திருப்பூரில் ஏஓபி வேலை பார்க்கிறவள் நான். துணி முழுக்க ஓடுகிற பிரிண்ட்டை இங்கே ஏஓபி என்றுதான் சொல்வோம். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. முடியாவிட்டால், அச்சடிக்கிற ஸ்கிரீனுக்குப் போவதற்கு முன்னால் டிசைனை ஒரு உருவத்தின் மேலாவது போட்டு வரைந்து பார்த்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் சதுரமாகத் தெரிகிற டிசைனை யாரும் உடுத்தப்போவதில்லை.

முதல் தகராறு அளவில்தான். ஃபேஷன் உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு இழுத்து வரைவது வழக்கம். நிஜத்தில் நாமெல்லாம் ஏழரைத் தலைதான் (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை). ஏ4 தாளில் உருவம் 27 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். தலை 3 செ.மீ. நிஜத் தலை சுமார் 21 செ.மீ. இருக்கும், ஆக ஏழில் ஒரு பங்கு. துணியில் 7 செ.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கிற செம்பருத்தி தாளில் 1 செ.மீ.தான். அரை செ.மீ. உள்ள குட்டிப் பூ ஒரு மி.மீ.கூட வராது, பேனா முனையை வைத்து எடுத்தால் போதும், அதற்கு இதழ் போடுகிறேன் காம்பு போடுகிறேன் என்று உட்கார்ந்தால் பூ தானாகவே பெரிதாகிவிடும், அப்புறம் படத்தைப் பார்க்கிறவர் துணியில் பூ ஏதோ உள்ளங்கை அளவு இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஒன்பது தலை உருவத்தில் கூட்டிய உயரமெல்லாம் பெரும்பாலும் காலுக்குத்தான் போகிறது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நிஜத்தில் சுமார் 100 செ.மீ. ரிப்பீட், அதாவது டிசைன் ஒரு தடவை முடிந்து மறுபடி அப்படியே ஆரம்பிக்கிற அளவு, 32 செ.மீ. என்றால் நீளப் பாவாடையில் டிசைன் மூன்று தடவைக்குக் கொஞ்சம் மேல் வரும். படத்தில் அதே இடம் கிட்டத்தட்ட 18 செ.மீ. ஏழில் ஒரு பங்கு கணக்கில் ரிப்பீட் 4.6 செ.மீ. ஆக, படத்தில் நான்கு தடவை வந்து நிற்கும். பையர் (துணி வாங்குகிறவர்) படத்தைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டு, துணி வந்ததும் “பூ பெரிசா தெரியுதே” என்பார். யார் மேலும் தப்பில்லை, நீட்டிய கால் செய்த வேலை அது. நான் பாவாடைப் பகுதிக்கு மட்டும் பிரிண்ட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, எண்ணிக்கை சரியாக வருகிற மாதிரி போட்டுவிடுவேன். கணக்குப்படி அது பொய், ஆனால் துணி வந்து நிற்கும்போது அந்தப் படம்தான் அதற்கு ஒத்துப்போகிறது.

32 என்ற எண் சும்மா சொன்னதில்லை. ரோட்டரி ஸ்கிரீன் என்பது துணி மேல் உருண்டு அச்சடிக்கிற உருளை. அதன் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ., ஸ்கிரீன் ஒரு சுற்று சுற்றினால் அவ்வளவு துணி ஓடியிருக்கும். அதனால் ரிப்பீட்டின் உயரம் 64 ஆகவோ, அதில் பாதியாகவோ, மூன்றில் ஒன்றாகவோ, காலாகவோ மிச்சமில்லாமல் உட்கார வேண்டும். 40 செ.மீ. ரிப்பீட்டில் அழகாக ஒரு டிசைனைப் போட்டுக் கொண்டுவந்தால் பிரிண்டிங் யூனிட்டில் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேறு. டிஜிட்டலில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, நிறமும் எத்தனை வேண்டுமானாலும் போகலாம், ஆனால் பெரிய ஆர்டருக்கு இன்றும் ரோட்டரியில்தான் விலை கட்டுப்படியாகிறது.

ரிப்பீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் நேராக அடுக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஹாஃப் டிராப் போடுவோம், அதாவது அடுத்த வரிசை பாதி உயரம் கீழே இறங்கி உட்காரும். கண் அவ்வளவு சீக்கிரம் ரிப்பீட்டைப் பிடிக்காது. ஆனால் பத்துப் பூவில் ஒரு பூ மட்டும் அடர் சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு குறுக்கே சாய்ந்து கோடாக ஓடிக்கொண்டே போகும். இதைத் திரையிலேயே தூரத்திலிருந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், உருவம் தேவையில்லை. உருவம் தேவைப்படுவது வேறு விஷயத்துக்கு: பெரிய வட்டப் பூ இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், சரியாக எங்கே போய் உட்காரக்கூடாதோ அங்கே உட்காரும். கட்டிங் மாஸ்டர் நினைத்தால் நகர்த்தி வெட்டலாம், ஆனால் துணி கூடுதலாகப் பிடிக்கும், அந்தக் காசை யார் தருவது? பூவெல்லாம் மேல்நோக்கியே நிற்கிற ஒன்வே பிரிண்ட்டும் அப்படித்தான். படத்தில் அதற்கு இணை கிடையாது. ஆனால் எல்லாப் பாகத்தையும் ஒரே திசையில் அடுக்கி வெட்ட வேண்டும், முன்பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி இடுக்கில் செருகித் துணி மிச்சம் பிடிக்க முடியாது. நான் பூக்களில் ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பிவிடுவேன். உருவத்தில் போட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரிவதில்லை.

ஓவியர் ரவுல் டூஃபி இந்த இரண்டு பக்கமும் கை வைத்தவர். 1911-இல் பாரிஸில் ஃபேஷன் டிசைனர் பால் பொவாரேவுக்காக மரக்கட்டை அச்சில் துணி டிசைன் செய்ய ஆரம்பித்து, 1912 முதல் 1928 வரை லியோனைச் சேர்ந்த பியாங்கினி-ஃபெரியே பட்டு நிறுவனத்துக்குப் பிரிண்ட் போட்டுக்கொடுத்தார். 1920-இல் ‘கஸெட் து பாங் தோங்’ பத்திரிகையில் ஃபேஷன் படங்களும் வரைந்தார். இணையத்தில் தேடினால் கிடைக்கும், பாருங்கள். லண்டனில் பிரிண்ட் டிசைனர் செலியா பர்ட்வெல் 1960-களில் ஃபேஷன் டிசைனர் ஆஸி கிளார்க்கின் உடைகளுக்குப் பிரிண்ட் செய்தபோதும் இதே கதைதான், அவரது ஸ்கெட்ச் புத்தகங்களில் பிரிண்ட் தனியாகக் கிடக்காது, ஒரு பெண்ணின் மேல் ஏறித்தான் நிற்கும்.

சரி, வரைகிற வேலைக்கு வருவோம். உடையின் ஓரக்கோட்டுக்குள் பிரிண்ட்டைத் தட்டையாக நிரப்பினால் சுவரில் போஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கும், உள்ளே உடம்பு இருப்பதே தெரியாது. துணியின் நேர்நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பென்சிலில் மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கை மடங்கியிருந்தால் அந்தக் கோடும் முழங்கையில் மடங்கும், பிரிண்ட் அதன் பின்னாலேயே போகும். இடுப்பில் சுருக்கு வைத்திருந்தால் கோடுகள் மேலே நெருங்கிக் கீழே விரியும், ஆக மேலே பூவின் ஒரு துண்டுதான் தெரியும், விளிம்பில்தான் முழுப் பூ. மடிப்பு வருகிற இடத்தில் பூவைத் தயங்காமல் வெட்டுங்கள். பாதி இதழ் மடிப்புக்குள் போய்விடும், மடிப்பின் மறுபக்கம் ஆரம்பிப்பது அதே பூவின் மீதி இல்லை, கொஞ்சம் தள்ளியிருக்கிற வேறு இலையோ வெறும் தரையோதான் (பூவுக்குப் பின்னால் இருக்கிற துணி நிறத்தைத்தான் தரை என்கிறோம்). புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், பூவை உடைக்க மனசு வராமல் எல்லாப் பூவையும் முழுசாகக் காப்பாற்றிவிடுவார்கள்.

அப்புறம், எல்லாப் பூவையும் வரையாதீர்கள். வெளிச்சம் விழுகிற பக்கம் இதழ் நரம்பு வரைக்கும் போடுங்கள், நிழல் பக்கம் போகப்போக வெறும் நிறத் திட்டாகக் கரைந்துபோகட்டும். நிழலைக் கடைசியில், பிரிண்ட் தரை எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் பூச்சாக இழுத்தால் பிரிண்ட் துணியோடு சேர்ந்து உட்காரும். கம்ப்யூட்டரில் செய்தால் நிழலுக்கு மல்டிப்ளை லேயர், பிரிண்ட்டை வளைக்க வார்ப், லிக்விஃபை. மார்க்கரில் செய்கிறவர்கள் பேனாவில் போட்ட பூவின் மேல் ஆல்கஹால் மார்க்கரை இழுக்கும்முன் ஓரத்தில் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள், சில மை கரைந்து இழுவிவிடும்.

சேலைதான் உண்மையான பரீட்சை. ஐந்தரை மீட்டர் துணியில் முன்பக்கம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். கொசுவத்தில் ஒவ்வொரு மடிப்பின் விளிம்பு மட்டும் தெரியும், கீழே பார்டர் மடிப்புக்கு மடிப்பு வளைந்து வளைந்து போகும், இன்னொரு பார்டர் மார்பின் குறுக்கே சாய்வாகத் தோளுக்கு ஏறும். டிசைனர் அதிகம் உழைத்திருப்பது முந்திக்கு, அது பின்னால் போய்த் தொங்கிவிடும். சேலை இல்லஸ்ட்ரேஷன்களில் பெண்கள் முந்தியைக் கையில் ஏந்திக்கொண்டோ அரைவாசி திரும்பியோ நிற்பது நாணத்தால் இல்லை, முந்தி டிசைனைக் காட்ட வேண்டுமே.

மதுரைச் சுங்குடியை வரைவது சுலபம் என்று நினைப்பார்கள், புள்ளிதானே. துணியைக் கிள்ளியெடுத்து நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கும்போது கட்டின இடம் வெள்ளையாக நின்றுவிடும், அதுதான் சுங்குடிப் புள்ளி. கிட்டத்தில் பார்த்தால் அது வட்டமே இல்லை. கொஞ்சம் சதுரம், கொஞ்சம் கோணல், நடுவில் சாயம் ஏறிய ஒரு பொட்டு, ஓரம் பிசிறு, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஜெல் பேனாவில் அச்சு வார்த்த மாதிரி வட்டங்களை வைத்துக்கொண்டு போனால் அது போல்கா டாட் ஆகிவிடும். சௌராஷ்டிர சமூகத்தினர் தலைமுறைகளாக விரலால் கட்டின வேலை, இன்று சுங்குடி என்ற பெயரில் கடையில் கிடைப்பதில் நிறைய மெழுகு அச்சோ ஸ்கிரீனோதான். வரைகிற நாமும் அதைப் பார்த்தே வரைந்தால் எப்படி? நான் தரை நிறத்தை அடித்துவிட்டு, மழுங்கின பிரஷ் நுனியில் வெள்ளை கௌவாஷை (அடியை மறைக்கிற கெட்டியான நீர்வண்ணம்) தொட்டுத் தொட்டு வைப்பேன், வரிசை பிசகினால் பிசகட்டும்.

பழகிப் பார்க்க விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். வீட்டில் நைட்டி இல்லாமலா இருக்கும்? ஹேங்கரில் மாட்டி, டேப்பை எடுத்து ஒரு பூவிலிருந்து அடுத்து வருகிற அதே பூ வரை மேலே கீழேயும் பக்கவாட்டிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நேர் அடுக்கா ஹாஃப் டிராப்பா, பூ எல்லாம் மேல்நோக்கி நிற்கிறதா என்று பாருங்கள். ஏழால் வகுத்துவிட்டு வரைய ஆரம்பியுங்கள். யோக் (தோள்பட்டைப் பக்கம் தனியாக வெட்டித் தைத்த துண்டு), ஃப்ரில் இருந்தால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே துணி எந்தத் திசையில் வெட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட வேண்டும், மிச்சத் துணியில் வெட்டியிருந்தால் பூ பக்கவாட்டில் படுத்திருக்கும்.